வேலூர்ப் பக்கம் சமூகத் தொழில் தொடங்குவோருக்கு: புளியை வைத்து ஒரு வழிகாட்டி

தோல் தொழில் வடார்க்காட்டுக்கு வேலை கொடுத்தது. பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததும் அதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கே கேட்டாலும் இரண்டு பக்கமும் பேச ஆள் இருக்கிறார்கள். இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வெளியிட்ட தீர்ப்பில் எடுத்துக் காட்டியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. சூழலைக் கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதும், கெடுதல் வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதை வேலூர் வழக்கு என்றே படிக்கிறார்கள்.

வேலையும் வேண்டும், கிணறும் கெடக் கூடாது, வேலையின் பலன் கடைசிப் படியில் இருப்பவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர்கள் கையில் எடுப்பதுதான் சமூகத் தொழில். அது பொருளையோ சேவையையோ விற்று, அந்த வருமானத்திலேயே நிற்கும். நன்கொடை வந்தால் வாங்கிக்கொள்ளும், ஆனால் நன்கொடை நின்றாலும் கடையை மூடாது. உபரி முதலாளி வீட்டுக்குப் போகாமல் உறுப்பினருக்கோ அடுத்த ஆண்டு முதலுக்கோ திரும்பும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நோக்கத்தை எழுதுவதில் ஒரு மாதம் செலவழித்துவிட்டு, கூலிக் கணக்கை ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்வது நல்லது. யார் உள்ளே வந்தார், யார் வெளியே நின்றார் என்பதைத் தராசும், கூலி கொடுக்கும் கிழமையும், வேலைக் கூடம் அமைந்த தெருவும், கழிவு போய்ச் சேரும் இடமும் முடிவு செய்துவிடும்.

எந்தப் பொருளை எடுப்பது

இந்த வட்டாரத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஜவ்வாது மலையில் சாமை, தேன், புளி. அணைக்கட்டு வட்டத்தில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள் கத்தரிக்காய். குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி. கரிகிரியில் மெருகேற்றிய மண்பாண்டம். ஆம்பூரைச் சுற்றி ஷூவின் மேற்பகுதியை வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுக்கும் பெண்கள். இவற்றில் எதை எடுத்தாலும் கீழே சொல்லும் வரிசை பொருந்தும்.

உதாரணத்துக்குப் புளியை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வரத்து, ஆண்டு முழுக்க விற்பனை, பெரிய மெஷின் தேவையில்லை, தண்ணீர் அநேகமாகச் செலவாகாது. கொட்டை எடுக்கும் வேலையைக் காலங்காலமாகப் பெண்கள்தான் செய்கிறார்கள், அதுவும் மிகக் குறைந்த கிலோ கூலிக்கு. கொஞ்சம் ஒழுங்குபடுத்தினாலே யாருக்குப் பலன் என்பது கண்ணுக்குத் தெரியும். கத்தரிக்காயில் தொடங்க ஆசைப்படுகிறவர்கள் பறித்த இரண்டாம் நாள் அதன் விலை என்ன ஆகிறது என்பதை ஒருமுறை வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முதல் தொழிலுக்கு அழுகாத பொருளே உத்தமம்.

முதல் வேலை: மரம் யாருடையது, முன்பணம் யாருடையது

பொருளை வாங்கும் முன் அது எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். புளியில் மூன்று வகை மரம் உண்டு. சாலையோரத்திலும் பொது இடத்திலும் உள்ள மரங்களின் மகசூலைத் துறையோ ஊராட்சியோ ஏலம் விடும். பட்டா நிலத்து மரத்தை உடையவரே உலுக்கி விற்பார், அல்லது குத்தகைக்கு விடுவார். காட்டு மரங்களில் சேகரிக்கும் உரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அந்தக் காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடியினருக்கும் மற்ற வனவாசிகளுக்கும் உண்டு. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளில் இந்த மூன்றும் கலந்தே இருக்கும்.

அடுத்துக் கேட்க வேண்டியது முன்பணம். காய் பிடிக்கும் முன்பே வியாபாரியிடம் கைநீட்டி வாங்கிய குடும்பம், விலை கூடினாலும் உங்களுக்குப் புளி தர முடியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்தபோது பணம் கொடுத்தவர் அந்த வியாபாரிதான். ஆகவே உங்கள் திட்டத்தில் கொள்முதல் பணத்தோடு இன்னொரு சிறு தொகையும் வேண்டும்: நவம்பர், டிசம்பரில் உறுப்பினர் குடும்பங்களுக்கு மகளிர் குழு வழியாகக் கொடுக்கும் அவசரக் கடன். இதை ஒதுக்காமல் "நியாய விலை கொடுக்கிறோம்" என்று போர்டு வைத்தால், நல்ல விலைக்கு விற்கும் சுதந்திரம் ஏற்கெனவே இருப்பவர்கள் மட்டும் வருவார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் என்று அதற்கு அர்த்தம்.

இந்த விசாரணைக்குச் சந்தை நாட்கள் நல்ல இடம். பொய்கையில் செவ்வாய்க்கிழமை, ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை சந்தை. மாடும் ஆடும் வாங்க விற்க வருகிறவர்களிடம் டீக்கடையில் புளி விலையையும் கேட்டுக்கொள்ளலாம்.

கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட எடுத்தவை. உங்கள் ஆண்டின் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டோடு உள்ள 1,000 கிலோ பழம் வாங்கினால் ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ சதையும், 300 முதல் 350 கிலோ கொட்டையும் கிடைக்கும். மீதி ஓடு, நார், தூசி. நாம் 470 கிலோ சதை, 320 கிலோ கொட்டை என்று வைத்துக்கொள்வோம்.

பழம் 1,000 கிலோ, கிலோ 40 ரூபாய்: 40,000
வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி: 2,500
ஓடு, நார், கொட்டை எடுக்கும் கூலி, சதைக் கிலோவுக்கு 40 ரூபாய்: 18,800
பை, லேபிள், கிலோவுக்கு 6 ரூபாய்: 2,820
கூட வாடகை, கரண்டு, கணக்கு எழுதுபவர்: 3,500

கூட்டினால் 67,620. கொட்டையைக் கிலோ 10 ரூபாய்க்கு விற்று வரும் 3,200ஐக் கழித்தால் 64,420. அதை 470 கிலோவால் வகுத்தால் கிலோ 137 ரூபாய். புதியவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். மண்டியில் 140 கேட்டால் மூன்று ரூபாய் லாபம் என்று கொடுத்தும் விடுவார்கள்.

விட்டுப்போனது இரண்டு. புளி ஆறு மாதம் கிடந்து விற்கிறது. அதுவரை முடங்கிய பணத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால் சுமார் 3,850 ரூபாய். இருப்பில் ஈரம் வற்றியும், ஒட்டியும், பொறுக்கித் தள்ளியும் 3 சதவீதம் எடை குறைந்தால் விற்கக் கிடைப்பது 456 கிலோதான். இவற்றைச் சேர்த்தால் அடக்கவிலை கிலோ 150 ரூபாய். 140க்கு விற்றவர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கைநஷ்டப்பட்டிருக்கிறார். அது தெரியவருவது அடுத்த பிப்ரவரியில், கொள்முதலுக்குப் பணம் போதாதபோது. பெண்கள் குழு நடத்தும் உணவுத் தொழில்கள் மூன்றாம் ஆண்டில் படுத்துவிடுவதற்கு ஊக்கக் குறைவைவிட, கணக்கில் விட்டுப்போகும் இந்த இரண்டும்தான் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

அதே புளியைப் பையில் அடைத்து 220 ரூபாய் அச்சிட்டு, கடைக்காரருக்கு 20 சதவீதம் விட்டால் கைக்கு வருவது 176. கிலோவுக்கு 26 ரூபாய் உபரி, ஒரு டன் பழத்துக்கு ஏறத்தாழ 11,900. தொழில் இங்கேதான் இருக்கிறது. மண்டி விற்பனை அவசரத்துக்கு மட்டும்.

கூலியை எப்படி வைப்பது

ஊரில் நடக்கும் கிலோ கூலியைக் கேட்டு அதைவிட இரண்டு ரூபாய் கூட்டி வைப்பது வழக்கம். அது நியாயக் கூலியா என்பது அதனால் தெரியாது. வேறு முறை இருக்கிறது. வேலைக்கு வரும் எல்லோருடைய சதை எடையையும் ஒரு வாரம் தனித்தனியாக நோட்டில் எழுதுங்கள். வரிசையாக அடுக்கி நடுவில் உள்ளவர் ஒரு நாளில் எத்தனை கிலோ எடுக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு எந்த நாள் சம்பளம் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதை அந்தக் கிலோவால் வகுங்கள். நடுவில் உள்ளவர் பத்துக் கிலோ எடுக்கிறார், நாளுக்கு 400 ரூபாய் கிடைக்க வேண்டும் என்றால் கிலோவுக்கு 40. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். அதற்குக் கீழே போனால் கூடத்தில் ஆள் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எல்லாவற்றிலும் வேகமான கையை அளவாக வைத்துக் கூலி நிர்ணயிப்பதுதான் நடக்கிற தப்பு. நல்ல பழக்கமுள்ளவர் பதினைந்து கிலோ எடுப்பார். அவரை வைத்து வகுத்தால் கிலோ 27 ரூபாய்க்குக் குறைவாக வரும். ஐம்பத்தைந்து வயது அம்மா ஏழு கிலோ எடுத்து 190 ரூபாயோடு வீட்டுக்குப் போவார், அடுத்த வாரம் வரமாட்டார். யாரும் அவரை விரட்டவில்லை, ஆனாலும் வெளியே போய்விட்டார்.

கூலியை வாரம் ஒரு குறித்த கிழமையில், சந்தைக்கு முந்தைய நாள் கொடுங்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் என்றால் வியாழன். வங்கிக் கணக்குக்கு அனுப்பினால், கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில்தான் உள்ளதா, போன் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். கணவரின் போனுக்குச் செய்தி போனால் சம்பளம் வந்த விஷயமே அந்தப் பெண்ணுக்குக் கடைசியில்தான் தெரியும்.

கூடம் எந்தத் தெருவில்

திட்ட அறிக்கைகளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் பாதித் தொழில் இதில்தான் தீர்மானமாகிறது. கோயில் மண்டபத்திலோ ஊர்த்தெரு வீட்டுத் திண்ணையிலோ கூடம் வைத்தால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். காலனியிலேயே வைத்தால் ஊர்ப்பெண்கள் சிலர் வரமாட்டார்கள், ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஊராட்சிச் சேவை மையக் கட்டடம், பள்ளிக்கு அருகிலுள்ள பொதுக்கட்டடம், மெயின் ரோட்டோரக் கொட்டகை போன்ற யாருடைய தெருவும் அல்லாத இடமே சரி. இருளர் குடியிருப்பு தள்ளி இருந்தால் அங்கிருந்து நடந்து வர எவ்வளவு நேரம் என்று நீங்களே நடந்து பாருங்கள்.

குடிநீருக்கு ஒரே பானை, ஒரே வகை டம்ளர். முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் யாரையோ குறிவைத்துச் சொன்னதாகிவிடும். உட்காரும் இடத்தை வாரா வாரம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜன்னலோரம் ஒரு கூட்டத்துக்கும் சுவரோரம் இன்னொரு கூட்டத்துக்கும் நிலைத்துவிடும். எடை போடுபவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே தெருக்காரராக இருக்க வேண்டாம்.

கழிப்பறை இல்லாத கூடத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வார்கள். ஏப்ரலில், வேலூர் வெயிலில், இது விளையாட்டல்ல. வேலை நேரத்தைக் காலை ஆறரையிலிருந்து பதினொன்றரை வரை, பிறகு மாலை நான்கிலிருந்து ஆறு வரை என்று பிரித்தால் உடம்பும் தாங்கும், பள்ளிப் பிள்ளைகள் சாப்பாட்டு வேலையும் நடக்கும். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள்.

மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க இந்த வட்டாரத்துக்கு நல்ல முன்மாதிரி உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டின் குழு தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்ததோடு நிற்காமல், அந்தக் கைகளுக்கேற்ற தொழிலையும் கற்றுக்கொடுத்தது. அவர்கள் வேலையிலிருந்து இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் கருவியின் பிடி. உணர்ச்சி மரத்த விரல், மெல்லிய இரும்புப் பிடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் அழுத்தும். புண் வந்த பிறகுதான் கண்ணில் படும். புளி தட்டும் சிறு சுத்தியலின் பிடியில் துணியோ ரப்பரோ சுற்றி இரண்டு விரல் தடிமனாக்குங்கள், வேலை முடிந்ததும் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தை வையுங்கள். சர்க்கரை நோயால் கை மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு முழங்கை உயரத்தில் ஒரு மேஜையும் கல்லும் போதும், செலவு ஆயிரத்துச் சில்லறை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள் குழு கட்டாயம். சம்பளப் பட்டியலில் பத்துப் பேர் வந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் வந்தால் பி.எப். பற்றி ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். உறுப்பினரே உழைக்கும் குழுவுக்கும் ஆள் வைத்து நடத்தும் கம்பெனிக்கும் இதில் வித்தியாசம் உண்டு.

புளியைக் கெடுக்காமல் வைப்பது

பழத்தை வாங்கியதும் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிட்டு ஓட்டைத் தட்டுங்கள். காயாத பழத்தின் ஓடு சதையோடு ஒட்டிக்கொள்ளும், பாதி நேரம் அதைச் சுரண்டுவதிலேயே போகும். மண் தரையில் காயப்போடாதீர்கள். சதையில் ஒட்டிய மணலைப் பிறகு எடுக்கவே முடியாது, வாடிக்கையாளர் ஒருமுறை பல்லில் கடித்தால் அதோடு சரி. தார்ப்பாய் விரியுங்கள்.

கொட்டை எடுத்த புளியை ஒரு பிடி எடுத்து இறுக்கி விடுங்கள். உள்ளங்கையில் பசையாக அப்பினால் ஈரம் அதிகம், இன்னும் அரை நாள் காய வேண்டும். பிடித்த வடிவில் நின்று, கையில் லேசாக மட்டும் ஒட்டினால் சரி. உதிர்ந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, எடை நஷ்டம்.

புளிப்பு உலோகத்தைத் தின்னும். இரும்பு, அலுமினிய, பித்தளைப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர், மண்பானை, உணவுத் தரப் பிளாஸ்டிக் டிரம் ஆகும். புளி நாளாக ஆகக் கறுக்கும். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். புதுப்புளி வேண்டும் என்பவருக்கும் பழம்புளி வேண்டும் என்பவருக்கும் தனித்தனியாக விற்றால் கறுப்பு ஒரு குறையல்ல. பலகை மேல் அடுக்குங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. உப்பு சேர்த்து வைக்கும் வழக்கமானால் லேபிளில் உப்பையும் எழுத வேண்டும்.

கொட்டையைப் புளி வைத்த அறையில் வைக்கவே கூடாது. வண்டு அதில்தான் பெருகும். கொட்டை சேரச் சேர வியாபாரிக்குக் கொடுத்துவிடுங்கள். துணி ஆலைகளில் நூலுக்குக் கஞ்சி போட அதன் மாவு பயன்படுவதால் வாங்க ஆள் உண்டு. ஓட்டையும் நாரையும் மரத்தடியில் மூடாக்காகவோ எருக்குழியிலோ போடலாம். ரோட்டோரத்தில் கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். சமூகத் தொழில் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் செய்யக் கூடாது.

பை விஷயத்தில் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் வேண்டாம் என்று காகிதப் பையில் புளி அடைக்கிறவர்கள் உண்டு. ஒரு மாதத்தில் காகிதம் ஊறி, பூஞ்சை பிடித்து, பண்டமும் பையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். வீணான ஒரு கிலோ புளிக்குப் பின்னால் இரண்டு கிலோ பழமும் ஒருவரின் முக்கால் மணி நேரமும் இருக்கின்றன. ஈரம் புகாத உணவுத் தரப் பையே சரி; அரைக் கிலோவுக்குப் பதில் ஒரு கிலோ, ஐந்து கிலோ அளவுகளில் அடைத்துப் பையின் எண்ணிக்கையைக் குறையுங்கள். உள்ளூர் ஓட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் திருப்பி வாங்கும் டப்பாவில் கொடுங்கள்.

பதிவு: எந்த அமைப்பு

அவசரப்பட்டுக் கம்பெனி பதிவு செய்யாதீர்கள். முதல் பருவத்தை மகளிர் குழுவாகவே ஓட்டலாம். வாராந்திரக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுதல், கணக்குப் புத்தகம் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தால் வங்கி கடன் கொடுக்கும். குழுக் கடனுக்கு 10 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் மகளிர் திட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இரண்டாம் ஆண்டில் வழிகள் பிரியும். உபரியை உறுப்பினருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் உற்பத்தியாளர் கம்பெனி: குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள், ஐந்து இயக்குநர்கள் வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் வழிதான், ஆனால் துறையின் மேற்பார்வை கூடுதல். பயிற்சி, சுகாதாரம், கல்வி போன்ற பணியும் சேர்ந்திருந்து வெளி நிதி வாங்க நினைத்தால் சங்கம், அறக்கட்டளை, அல்லது கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவுக் கம்பெனி. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் போதும். இந்த மூன்றிலும் லாபத்தை உறுப்பினர் பங்கிட முடியாது. பெரிய கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை இவைதான் வாங்க முடியும். அதற்கும் வருமான வரிப் பதிவுகளும், அந்த நிதியை வாங்கும் அமைப்புகள் பதிவு செய்யும் சி.எஸ்.ஆர்-1 படிவமும், பொதுவாக மூன்றாண்டு அனுபவமும் வேண்டும்.

அறக்கட்டளையிலேயே புளி விற்றால் என்ன என்று கேட்பார்கள். பொதுப்பயன் என்ற பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புக்கு வணிக வருமானம் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஆண்டின் விலக்கே போய்விடும். விற்பனைக்குத் தனி அமைப்பு, சேவைக்குத் தனி அமைப்பு என்று வைப்பது அதனால்தான்.

கம்பெனியின் இடர் வேறு. ஆண்டுக் கணக்குப் படிவத்தையும் ஆண்டு அறிக்கைப் படிவத்தையும் தவறவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டும் ஒரு வருடம் நின்றால் 73,000 ரூபாய், மேலே போட்ட கணக்கில் ஆறு டன் பழத்தின் உபரி. மானியம் கிடைக்கும் என்ற ஆசையில் பதிவு செய்து, ஆடிட்டர் கட்டணத்தைக் கணக்கில் எடுக்காத உற்பத்தியாளர் கம்பெனிகள் இதில்தான் மூச்சு திணறுகின்றன.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு முதல் நாளே வேண்டும். சிறு அளவுக்கு அடிப்படைப் பதிவு போதும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம்; ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்களும் புரோக்கர்களும் அரசைச் சேர்ந்தவர்கள் அல்ல. மின்னணுத் தராசுக்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆண்டுதோறும் போட வேண்டும். முத்திரை பார்த்த பிறகு மலையிலிருந்து வருகிறவர் உங்கள் எடையை நம்புவது தனி லாபம்.

பணம் எங்கிருந்து

பத்து டன் எடுக்க நினைத்தால் பழத்துக்கு நான்கு லட்சம், கூலிக்கு ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம், இரண்டுமே மூன்று மாதத்துக்குள் ரொக்கமாகப் போய்விடும். திரும்பி வர எட்டு மாதம் ஆகும். மானியத் திட்டங்கள் பெரும்பாலும் மெஷினுக்கும் கட்டடத்துக்கும் கொடுக்கும், நடைமுறை முதலுக்கு, அதாவது பழத்துக்கும் கூலிக்கும் கையில் வேண்டிய பணத்துக்கு, அல்ல. ஆகவே மெஷின் வந்து, பழம் வாங்கக் காசில்லாமல் பூட்டிக் கிடக்கும் கூடங்களை நீங்கள் பார்க்கலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் குழுச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து நடைமுறை முதல், அதற்குப் பிறகே மெஷின்.

முதல் ஆண்டு இரண்டு டன் பழத்துக்கு மேல் வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்தில் அந்த ஆண்டு எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள், எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம் உண்டு. மலையில் பழங்குடியினர் குழுக்கள் சேர்ந்து செய்வதானால் காட்டு விளைபொருளுக்கான மத்திய அரசின் வன் தன் மையத் திட்டம் இருக்கிறது: இருபது பேர் கொண்ட பதினைந்து குழுக்கள், முந்நூறு பேருக்கு 15 லட்சம் ரூபாய் வரை.

விற்பது

முதலில் அருகிலேயே விற்றுப் பழகுங்கள். வேலூரில் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் விடுதிகளும் ஓட்டல்களும் நிறைய. மாதம் இருபது கிலோ எடுக்கும் பத்துச் சமையற்கட்டுகள் கிடைத்தால் ஆண்டுக்கு 2.4 டன் சதை, அதாவது ஐந்து டன் பழத்துக்கு மேல், அப்படியே போய்விடும். அவர்களுக்கு வேண்டியது நார் இல்லாத, மணல் இல்லாத, எல்லா மாதமும் ஒரே தரமான புளி. பெண்கள் செய்தது, மலைமக்கள் சேகரித்தது என்ற பேச்சு முதல் ஆர்டரை வாங்கித் தரும், அவ்வளவுதான். மகளிர் குழுப் பொருட்களுக்கான 'மதி' கடைகளிலும் கண்காட்சிகளிலும் வையுங்கள், ஆனால் கண்காட்சி விற்பனையை நம்பி உற்பத்தித் திட்டம் போடாதீர்கள்.

கடனுக்குக் கொடுத்தால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கு வட்டி. நீங்கள் வழக்குப் போடப் போவதில்லை. அந்த எண் பில்லில் இருந்தாலே வாங்குபவரின் கணக்குப் பிரிவு உங்கள் பில்லை மேலே எடுத்து வைக்கும்.

எதை எழுதி வைப்பது, எப்போது நிறுத்துவது

மாதம் ஐந்து எண் போதும். நடுவில் உள்ள பெண்ணின் மாத வருமானம் (சராசரி ஏமாற்றும், நான்கு வேகக்காரர்கள் அதை உயர்த்திவிடுவார்கள்). கூலி எத்தனை நாள் தாமதமானது. அச்சிட்ட விலையில் பழம் கொடுத்தவருக்கும் கொட்டை எடுத்தவருக்கும் போன பங்கு. போன மாதம் வந்து இந்த மாதம் வராதவர்களின் எண்ணிக்கையும் தெருவும். வீணான கிலோ. நான்காவது எண்ணைப் பலர் எழுதுவதில்லை. ஒரே தெருவிலிருந்து மூன்று பேர் நின்றுவிட்டால் கூலி காரணமாக இருக்காது, கூடத்துக்குள் ஏதோ நடந்திருக்கிறது. வீட்டுக்கே போய்க் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

மே மாதத்துக்குப் பிறகு வேலை இராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கார்த்திகை வாக்கில் மலையிலிருந்து சாமை வரத் தொடங்கும். அதற்குக் கல் நீக்கும் மெஷின், உமி நீக்கும் மெஷின், சல்லடை மூன்றும் வேண்டும், 100 கிலோ சாமைக்கு 60 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும். தவிடு நீக்காத சாமை அரிசி இரண்டு மூன்று மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், அரைத்து அடுக்கி வைக்காமல் ஆர்டருக்கு ஏற்ப அரைப்பதே முறை. புளிக் கணக்கு இரண்டு பருவம் நேராக வந்த பிறகு இதில் இறங்கலாம்.

கொள்முதல் விலை ஏறி அடக்கவிலை 176ஐத் தொடும் ஆண்டும் வரும். அந்த ஆண்டு கூலியைக் குறைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். அளவைக் குறையுங்கள், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சமையற்கட்டுகளுக்கு மட்டும் எடுங்கள், மற்றவர்களுக்கு மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பருவம் தொடர்ந்து நஷ்டமானால் இருப்பை விற்றுக் கணக்கை முடிப்பது நல்லது. முடிக்கும்போது பணம் போக வேண்டிய வரிசை: முதலில் நிலுவைக் கூலி, அடுத்துப் பழம் கொடுத்தவர், பிறகு வங்கி, கடைசியில் உறுப்பினர் பங்கு. இந்த வரிசையைத் தொடங்கும் அன்றே தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நஷ்டம் வந்த பிறகு உட்கார்ந்து பேசினால் யாரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.